சொந்த ரத்தத்தையே கையில் ஊசியாகப் போட்டுப் பார்ப்பது எதற்கு? – விடாத காணாக்கடி: வாசகர் கேள்வி பதில்

தோல் அங்கங்கே தடித்து அரிக்கும் காணாக்கடி ஆறு வாரத்துக்கு மேல் விடாமல் வருவதைப் பற்றிப் போன இதழில் ஒரே ஒரு பதில் எழுதியிருந்தேன். "சிலருக்குக் காரணம் வெளியே இல்லை, சொந்த ரத்தத்திலேயே இருக்கிறது, தோலில் ஒரு சின்னப் பரிசோதனை செய்து அதைப் பார்க்கலாம்" என்று அதில் ஒரு வரி. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த இதழுக்குப் போதும். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பெயர்கள் வேண்டாம், ஊர் மட்டும் போதும்.

எட்டு மாதமாகத் தினமும் எங்காவது தடித்து வருகிறது. காலையில் தொடையில், சாயங்காலம் முதுகில். தோல் டாக்டர், "உங்கள் ரத்தத்தையே எடுத்து உங்கள் கையிலேயே கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம்" என்கிறார். கேட்கவே பயமாக இருக்கிறது. எதற்கு இது? ஆபத்து இல்லையா?
– வாசகி, திண்டுக்கல்

பயப்படாதீர்கள் அம்மா. ஊசி மருந்து போடுவதற்கு முன்னால் முன்கையில் லேசாகக் குத்தி 'டெஸ்ட் டோஸ்' பார்ப்பார்கள் இல்லையா, கிட்டத்தட்ட அதே வேலைதான். உள்ளே போவது மருந்துக்குப் பதிலாக உங்கள் சீரம், அதாவது உங்கள் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீர், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் தடிப்பு எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். தோலுக்குள் ரத்தக் குழாய்களை ஒட்டி மாஸ்ட் செல்கள் என்று சில செல்கள் உண்டு. அவற்றுக்குள் ஹிஸ்டமின் என்ற பொருள் நிறைந்திருக்கும். மாஸ்ட் செல் தூண்டப்பட்டால் ஹிஸ்டமின் வெளியே கொட்டும், நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசியும், அந்த இடம் வீங்கிச் சிவந்து தடிக்கும், நரம்பு நுனிகள் சீண்டப்பட்டு அரிக்கும். சாதாரண அலர்ஜியில் இதைத் தூண்டிவிட இறால், வேர்க்கடலை, குளவிக் கொடுக்கு என்று வெளியிலிருந்து ஏதாவது வரவேண்டும். உங்களைப் போல மாதக்கணக்கில் தினமும் வருகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு வெளியிலிருந்து எதுவும் வரத் தேவையில்லை. அந்நியப் பொருளை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் புரதத்துக்கு எதிர்ப்பொருள் என்று பெயர். மாஸ்ட் செல்லின் மேல் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் வந்து உட்காரும் ஏற்பி ஒன்று இருக்கிறது, அந்த ஏற்பியையே, அல்லது அதில் உட்கார்ந்திருக்கும் ஐஜிஇ-யையே, குறிவைத்துத் தாக்கும் எதிர்ப்பொருளை அவர்கள் உடம்பே தயாரிக்கிறது. திருடன் வந்தால் அடிக்க வேண்டிய மணியை வீட்டு ஆளே கயிற்றைப் பிடித்து இழுத்து அடிப்பது போல. லண்டனில் மால்கம் கிரீவ்ஸ் குழுவினர் இந்த எதிர்ப்பொருளைக் கண்டுபிடித்து 1993-ல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே, 1986-ல், இங்கிலாந்தில் கிராட்டன் என்ற மருத்துவரும் சகாக்களும் நோயாளிகளின் சீரத்தை அவர்கள் தோலிலேயே செலுத்தி, அந்த இடம் தடிப்பதைக் காட்டியிருந்தார்கள். உங்கள் டாக்டர் செய்யச் சொல்லும் பரிசோதனை அந்த வழியில் வந்ததுதான்.

செய்முறை எளிது. ரத்தம் எடுத்து, உறையாமல் தடுக்கும் மருந்து எதுவும் கலக்காத குழாயில் அரை மணி நேரம் உறைய விடுவார்கள். பிறகு அதைச் சுழற்றும் கருவியில் வைத்தால், மேலே தெளிந்த மஞ்சள் நிற நீராக சீரம் பிரிந்து நிற்கும். அதில் 0.05 மில்லி, அதாவது ஒரு சொட்டு அளவு, முன்கையின் உள்பக்கத்தில் மேல்தோலுக்குச் சற்று உள்ளே செலுத்துவார்கள். சில செ.மீ. தள்ளி இன்னொரு ஊசியில் அதே அளவு உப்பு நீர், மூன்றாவதாக ஹிஸ்டமின். உப்பு நீர் போட்ட இடம் தடிக்கக் கூடாது, ஹிஸ்டமின் போட்ட இடம் கட்டாயம் தடிக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் நடுவில் இருக்கும் சீரத்தின் முடிவை நம்பலாம். 30 நிமிடம் கழித்து அளவெடுப்பார்கள். சீரம் போட்ட இடத்தின் தடிப்பு சிவந்து, உப்பு நீர்த் தடிப்பைவிட 1.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெரிதாக இருந்தால் 'பாசிட்டிவ்'.

முந்தின நாளோ அன்றோ தடிப்பு வந்துபோன இடத்தில் ஊசி போடக் கூடாது. அங்கே ஹிஸ்டமின் ஏற்கெனவே செலவாகியிருக்கும், முடிவு தவறிவிடும். இதை நீங்களே நினைவு வைத்துக்கொண்டு, "டாக்டர், இந்தக் கையில் நேற்று வந்தது" என்று சொல்லிவிடுங்கள்.

ஆபத்து என்று பார்த்தால், கொஞ்ச நேரம் சுருக்கென்ற வலியும் அரிப்பும், அவ்வளவுதான். ஆனால் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். உள்ளே போவது உங்கள் சீரமாகத்தான் இருக்க வேண்டும். ஒரே நாளில் பல பேருக்குச் செய்யும் இடத்தில் குழாய் மாறிப்போனால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்ஐவி-யும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்விடும். ரத்தம் எடுத்ததும் உங்கள் கண்ணெதிரில் குழாயில் உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள், ஊசி போடும்போது அந்தப் பெயரை ஒருமுறை பாருங்கள். இப்படிக் கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை, நல்ல ஆய்வகத்தில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அம்மாவுக்கு வயது 52. இந்த டெஸ்ட் பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. 'ஆட்டோ இம்யூன்' என்று எழுதியிருக்கிறார்கள். இணையத்தில் தேடினால் லூபஸ், மூட்டுவாதம், சிறுநீரகம் பாதிக்கும் என்றெல்லாம் வருகிறது. அம்மா தூங்குவதே இல்லை. இனி ஆயுள் முழுக்க இப்படித்தானா?
– வாசகர், தஞ்சாவூர்

தம்பி, இந்தப் பதிலை முதலில் அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். 'ஆட்டோ இம்யூன்' என்றால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்குவது. லூபஸ் அப்படிப் பல உறுப்புகளைத் தாக்கும் ஒரு நோய், அம்மாவுக்கு அது இருக்கிறது என்று இந்தப் பரிசோதனை சொல்லவில்லை. சிறுநீரகத்தைப் பற்றியும் அது எதுவும் சொல்லவில்லை. தன் தோலின் மாஸ்ட் செல்களைக் கிளறும் ஏதோ ஒன்று அம்மாவின் ரத்தத்தில் ஓடுகிறது, இதற்கு மேல் அந்த முடிவுக்கு அர்த்தம் கிடையாது. விடாத காணாக்கடி உள்ளவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு, ஆய்வுக்கு ஆய்வு 30 முதல் 60 சதவீதம் வரை, இது பாசிட்டிவாகத்தான் வரும். அரிய விஷயமே அல்ல.

தோலில் தடித்தது என்பதால் மட்டும் 'ஆட்டோ இம்யூன்' என்று உறுதியாக எழுதிவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தோல் பரிசோதனை ஒரு சல்லடை மட்டுமே. ஆய்வகத்தில் மாஸ்ட் செல் போலவே ஹிஸ்டமின் வைத்திருக்கும் ரத்தத்தின் பேஸோஃபில் செல்களோடு சீரத்தைச் சேர்த்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு, அதில் பாசிட்டிவ் ஆனவர்களில் பத்தில் ஏழு பேரைத் தோல் பரிசோதனை சரியாகப் பிடிக்கிறது, அதில் நெகட்டிவ் ஆனவர்களில் பத்தில் எட்டுப் பேரைச் சரியாக விட்டுவிடுகிறது. மீதிப் பேரிடம் தவறுகிறது. காணாக்கடியே வராத, நன்றாக இருக்கும் சிலருக்குக்கூட இது பாசிட்டிவாக வருவதுண்டு. 2019-ல் வெளிவந்த ஒரு பன்னாட்டு ஆய்வில், தோல் பரிசோதனை, பேஸோஃபில் சோதனை, நேரடியாக எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை ஆகிய மூன்றுமே பாசிட்டிவாக இருந்தவர்கள் 100-க்கு 8 பேர்தான். 'ஆட்டோ இம்யூன் காணாக்கடி' என்று சந்தேகமில்லாமல் சொல்ல வேண்டுமானால் அந்த மூன்றும் வேண்டும். ஒரே ஒரு சோதனையின் தாளை வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே உறக்கம் கெடுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு விவரம்.

செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது: தைராய்டு. விடாத காணாக்கடி உள்ளவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள் மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது. அம்மாவுக்கு டிஎஸ்எச் (தைராய்டு சுரப்பைக் காட்டுவது), ஆன்டி டிபிஓ (அந்த எதிர்ப்பொருளைக் காட்டுவது) இரண்டும் பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைவாகச் சுரந்தால் அதற்கு மாத்திரை வேண்டும். சுரப்பு சரியாக இருந்து எதிர்ப்பொருள் மட்டும் இருந்தால் மாத்திரை வேண்டாம், ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். மூட்டு வீக்கம், வெயில் பட்டால் முகத்தில் செந்நிறத் திட்டு, விடாத காய்ச்சல், எடைக் குறைவு போன்றவை இருந்தால் லூபஸுக்குத் தனியாகப் பார்க்கலாம். இல்லையென்றால் தேட வேண்டாம்.

ஆயுள் முழுக்கவா என்று கேட்டீர்கள். பெரும்பாலானவர்களுக்கு இது ஒரு நாள் தானாகவே அடங்கிப் போகும். சிலருக்கு ஓராண்டு, சிலருக்கு ஐந்தாண்டு, ஐந்தாண்டு தாண்டியும் தொடர்பவர்கள் குறைவான பேர். அடங்கும் வரை அரிக்காமல் வைத்துக்கொள்ள மருந்து இருக்கிறது.

கத்தரிக்காய், தக்காளி, முட்டை, மீன், கருவாடு, வேர்க்கடலை எல்லாம் நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் தடிப்பு நிற்கவில்லை. ஒரு லேபில் 'ஒரே ரத்தத்தில் நூறு உணவுக்கு அலர்ஜி டெஸ்ட்' என்று விளம்பரம் பார்த்தேன். அதைச் செய்வதா, நீங்கள் சொன்ன தோல் பரிசோதனையைச் செய்வதா?
– வாசகி, தூத்துக்குடி

தூத்துக்குடியில் இருந்துகொண்டு இரண்டு வருடமாக மீன் சாப்பிடவில்லை என்கிறீர்கள், படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்லப்போகிறேன், ஏனென்றால் இந்தத் தவறான பத்தியம்தான் நான் பார்க்கும் நோயாளிகளை நோயைவிட அதிகம் வாட்டுகிறது.

உணவு அலர்ஜியால் வரும் தடிப்புக்கு ஒரு கணக்கு உண்டு. சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வரும், அதே பொருளைச் சாப்பிடும் ஒவ்வொரு முறையும் வரும், சாப்பிடாத நாளில் வராது. உங்களுக்கு அப்படியா? இந்த ஆறையும் நிறுத்திய பிறகும் தினமும் வருகிறது என்றால் காரணம் இந்த ஆறில் இல்லை. இதற்கு எந்த லேபும் வேண்டாம், உங்கள் இரண்டு வருடப் பத்தியமே பெரிய பரிசோதனை, அதன் முடிவும் தெளிவாக இருக்கிறது. பெரியவர்களுக்கு மாதக்கணக்கில் தினமும் வரும் காணாக்கடியில் உணவு அலர்ஜி காரணமாக இருப்பது மிக மிக அபூர்வம்.

நூறு உணவு டெஸ்டில் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் ஒவ்வொரு உணவுக்கும் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். எண் கொஞ்சம் கூட வருவதாலேயே அந்த உணவு உங்களுக்கு ஆகாது என்று அர்த்தம் இல்லை. எந்தத் தொந்தரவும் இல்லாமல் தினமும் கோதுமை சாப்பிடுகிறவருக்கும் கோதுமைக்கு எதிரே ஒரு எண் வரலாம். நூறு பொருளைத் தேடினால் பத்துக்காவது சிவப்பு மையில் குறி போட்டுத் தருவார்கள், அதையும் நிறுத்துவீர்கள், தடிப்பு அப்படியே இருக்கும். சில இடங்களில் ஐஜிஇ-க்குப் பதிலாக ஐஜிஜி என்ற வேறு வகை எதிர்ப்பொருளைப் பார்க்கிறார்கள். அது நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதற்கு மேல் எதையும் காட்டாது. இந்தப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

தூசி, பூஞ்சை, உணவு என்று வரிசையாகச் சொட்டு வைத்துக் குத்திப் பார்க்கும் பரிசோதனை வேறு. அது வெளிப்பொருளுக்கான அலர்ஜியைத் தேடுவது. நாம் பேசிக்கொண்டிருக்கும் சீரம் பரிசோதனை நேர் எதிர்ப்பக்கம் பார்க்கிறது, 'காரணம் உள்ளேயா' என்று கேட்கிறது. உங்களைப் போன்றவர்களுக்குத்தான் இதைச் செய்து பார்க்கலாம் என்று நானே முன்வந்து சொல்வேன். அதனால் மருந்து மாறப்போவதில்லை. ஆனால் உங்கள் ரத்தமே உங்கள் கையைத் தடிக்க வைப்பதை நீங்களே அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டால் கத்தரிக்காயின் மேல் இருக்கும் சந்தேகம் போய்விடும். நான் பத்து முறை சொன்னாலும் நம்பாதவர்கள் அந்த ஒரு தடிப்பைப் பார்த்து நம்பியிருக்கிறார்கள்.

டெஸ்ட் செய்தாலும் செய்யாவிட்டாலும், ஒவ்வொன்றாக மறுபடி சாப்பிடத் தொடங்குங்கள். முதலில் முட்டை, இரண்டு மூன்று நாள் கழித்து மீன், அப்புறம் மற்றவை. ஏதாவது ஒன்றைச் சாப்பிட்டு முன்பு எப்போதாவது மூச்சு முட்டியிருந்தால், தொண்டை இறுகியிருந்தால், அதை மட்டும் வீட்டில் முயற்சி செய்யாமல் மருத்துவரிடம் வாருங்கள்.

நிஜமாகவே தவிர்க்க வேண்டியது தட்டில் இல்லை, மருந்து டப்பாவில் இருக்கிறது. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகள் விடாத காணாக்கடி உள்ளவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத் தடிப்பைக் கிளப்பிவிடும். தலைவலி, காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. இருதய மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அவரிடம் கேளுங்கள்.

டெஸ்டுக்காக அலர்ஜி மாத்திரையை எத்தனை நாள் நிறுத்த வேண்டும்? ஒரு நாள் விட்டாலே உடம்பெல்லாம் வந்துவிடுகிறது.
– வாசகர், சேலம்

குறைந்தது இரண்டு மூன்று நாள். சில மருத்துவர்கள் மாத்திரையைப் பொறுத்து ஒரு வாரம் வரை கேட்பார்கள், டாக்ஸெபின் என்ற மருந்து சாப்பிடுகிறவர் என்றால் இரண்டு வாரம். மாத்திரை உடம்பில் இருந்தால் ஹிஸ்டமின் போட்ட இடமே தடிக்காது, டெஸ்ட் வீண். சளி, இருமல் மருந்துகளிலும் அலர்ஜி மருந்து கலந்திருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலைமையில் நான் இந்த டெஸ்டைத் தள்ளிப்போடச் சொல்வேன். மாத்திரையை நிறுத்த முடியாத அளவுக்கு வருகிறது என்றால் முதல் வேலை நோயை அடக்குவது. கை முழுக்கத் தடிப்பாக இருக்கும்போது ஊசி போட நல்ல இடமும் கிடைக்காது. இன்னொன்று, நகத்தால் கோடு போட்டாலே தோல் தடித்து எழும்பும் ரகம் நீங்கள் என்றால் உப்பு நீர் போட்ட இடமும் எழும்பிவிடும், அப்போது முடிவைப் படிக்கவே முடியாது.

எனக்கு நெகட்டிவ். அப்படியென்றால் காரணம் வேறு ஏதோ, இன்னும் தேட வேண்டும் என்றுதானே அர்த்தம்?
– வாசகி, திருப்பூர்

இல்லை. நெகட்டிவாக இருந்தாலும் காரணம் உள்ளேயே இருக்கலாம். சிலருக்கு உடம்பு தன் சொந்தப் புரதங்களுக்கு எதிராகவே ஐஜிஇ தயாரிக்கிறது, அந்த வகையை இந்தப் பரிசோதனை சரியாகப் பிடிக்காது. முழு ரத்த அணு எண்ணிக்கை, அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர் அல்லது சிஆர்பி, மொத்த ஐஜிஇ, ஆன்டி டிபிஓ இவ்வளவும் பார்த்தாகிவிட்டது என்றால் தேடலை நிறுத்துங்கள். பூச்சி மருந்து, கல்லீரல் ஸ்கேன், எண்டோஸ்கோபி என்று அறிகுறியே இல்லாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டாம். சிகிச்சை உங்களுக்கும் அதேதான், பலனும் அப்படியே கிடைக்கும்.

தினமும் ஒரு மாத்திரை போதவில்லை என்றதும் டாக்டர் அதே மாத்திரையை நாலாக்கிவிட்டார். கடைக்காரரே 'இவ்வளவா?' என்று கேட்கிறார். அவசரத்துக்குப் பக்கத்து கிளினிக்கில் அவில், டெக்ஸா ஊசி போட்டால் உடனே நிற்கிறது. அதையே வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளலாமா?
– வாசகர், மதுரை

வேண்டவே வேண்டாம். டெக்ஸா என்பது ஸ்டீராய்டு. போட்ட அன்று சொர்க்கமாக இருக்கும், மூன்றாம் நாள் இரட்டிப்பாகத் திரும்பி வரும், மறுபடி ஊசி. இப்படியே போனால் சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்புத் தேய்மானம், முகம் வீங்குதல், கண்ணில் புரை என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். தாங்க முடியாத கட்டத்தில் சில நாள், அதிகபட்சம் பத்து நாள், மருத்துவர் சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடலாம், அதோடு சரி. அவில் தூக்கத்தைக் கொண்டுவரும் பழைய ரகம். வண்டி ஓட்டுகிறவர், இயந்திரத்தில் வேலை செய்கிறவர் தினமும் போட்டுக்கொள்ளும் மருந்து அல்ல.

நாலு மாத்திரை என்பது உங்கள் டாக்டர் கைத்தவறுதலாக எழுதியது அல்ல. லெவோசெட்ரிசின், ஃபெக்ஸோஃபெனடின், பிலாஸ்டின், டெஸ்லோராடடின் மாதிரி தூக்கம் குறைவாகத் தரும் புதிய ரகங்களில் ஒன்றை வழக்கமான அளவில் தொடங்கி, போதாவிட்டால் நாலு மடங்கு வரை கூட்டலாம் என்று உலகளாவிய வழிகாட்டு நெறிமுறையே சொல்கிறது. கடைக்காரர் அட்டையில் பார்ப்பது சாதாரண மூக்கு அலர்ஜிக்கான அளவு. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு மட்டும் கணக்கு மாறும், அதை டாக்டரிடம் சொல்லியிருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, வந்த பிறகு சாப்பிடுவது, வராத நாளில் விடுவது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் சாப்பிட்டால்தான் வராமல் தடுக்கும்.

ஒரு சின்ன வேலையும் செய்யுங்கள். தினமும் இரவில் இரண்டு எண் எழுதுங்கள். தடிப்பு: ஒன்றும் இல்லை என்றால் 0, இருபதுக்குக் கீழே 1, இருபதிலிருந்து ஐம்பது வரை 2, அதற்கு மேல் 3. அரிப்பு: இல்லை 0, லேசாக 1, தொந்தரவாக 2, தூக்கமோ வேலையோ கெடும் அளவுக்கு 3. ஏழு நாளும் கூட்டினால் அதிகபட்சம் 42 வரும். இந்த எண்ணைக் காட்டினால் உங்கள் டாக்டருக்கு மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்பது ஒரு நொடியில் தெரியும். தடிப்பு இருக்கும்போது போனில் படமும் எடுத்து வையுங்கள், நீங்கள் மருத்துவமனைக்குப் போகும் நேரத்தில் அது மறைந்திருக்கும்.

நாலிலும் அடங்காவிட்டால் ஓமாலிசுமாப் என்ற ஊசி இருக்கிறது. ஐஜிஇ-யைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மருந்து, 300 மி.கி., நாலு வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில். விடாத காணாக்கடிக்கு 2014-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதிக்கப்பட்டது. விலைதான் கையைக் கடிக்கும். தோல் பரிசோதனை உண்மையில் பயன்படும் இடங்களில் இது ஒன்று. நெகட்டிவாக இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் முதல் ஊசியிலேயே சில நாளில் குணம் தெரியும். பாசிட்டிவ் ஆனவர்களுக்கு மெதுவாகத்தான் தெரியும், மொத்த ஐஜிஇ மிகவும் குறைவாக இருப்பவர்களுக்கும் அப்படியே. இது முன்கூட்டியே தெரிந்தால், இரண்டு ஊசியில் பலனில்லை என்று மனம் தளர்ந்து விட்டுவிட மாட்டீர்கள், ஆறு மாதம் வரை பொறுத்துப் பார்க்கலாம். அதிலும் சரியாகாதவர்களுக்கு சைக்ளோஸ்போரின் என்ற மருந்து உண்டு, ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் கண்காணித்தபடி கொடுப்பது. ஆட்டோ இம்யூன் வகைக்கு அது நன்றாக வேலை செய்கிறது.

டெஸ்ட் பாசிட்டிவ் என்றதும், 'உங்கள் சீரத்தையே வாராவாரம் ஊசியாகப் போட்டால் நோய் வேரோடு போய்விடும்' என்கிறார்கள். போடலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

'வேரோடு' என்ற உறுதிமொழி மட்டும் வேண்டாம். இந்தச் சிகிச்சை நம் நாட்டில் பரவியதற்கு ஒரு காரணம், 2008-ல் அலகாபாத் மருத்துவர்கள் இந்தியத் தோல் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு. வாரம் ஒன்றாகத் தசையில் ஒன்பது ஊசி, பலருக்குக் குறைந்தது என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு நடந்த ஒப்பீட்டு ஆய்வுகளில், சீரத்துக்குப் பதில் வெறும் உப்பு நீர் போட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குறைந்திருந்தது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. தானாகவே ஏறி இறங்கும் நோய் இது, அதனால் எதைப் போட்டாலும் சிலருக்குக் குறைந்தது போலத் தெரியும்.

சுத்தமாகச் செய்தால் பெரிய கெடுதல் இல்லை, செலவும் குறைவு. ஓமாலிசுமாப் வாங்க வழியில்லாத சிலருக்கு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, மருத்துவர்கள் இதை முயன்று பார்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். தினசரி மாத்திரையை நிறுத்திவிட்டு இதை மட்டும் போடு என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எனக்கு வரும் தடிப்பு ஒரே இடத்தில் இரண்டு மூன்று நாள் நிற்கிறது. அரிப்பைவிட எரிச்சலும் வலியும்தான் அதிகம். போகும்போது கன்றிப்போன மாதிரி கறுப்பு விட்டுப் போகிறது. நானும் இந்த டெஸ்ட் செய்யலாமா?
– வாசகி, திருநெல்வேலி

உங்களுக்கு இந்த டெஸ்ட் வேண்டாம், வேறொன்று வேண்டும். சாதாரணக் காணாக்கடியில் ஒவ்வொரு தனித் தடிப்பும் 24 மணி நேரத்துக்குள் தடயம் இல்லாமல் மறைந்துவிடும். புதிது புதிதாக வேறு இடத்தில் வருவதால்தான் நாள் முழுக்க இருப்பது போலத் தோன்றும். ஒரே தடிப்பு அதற்கு மேல் நின்று, வலித்து, கறுத்துப் போனால் தோலின் சிறு ரத்தக் குழாய்களில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குத் தோலில் ஒரு சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிதான் வழி. ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, மறுநாள் அதே நேரம் அது அங்கேயே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இந்த வாரமே தோல் மருத்துவரிடம் போங்கள்.

இதோடு சேர்த்து எல்லோருக்கும் ஒன்று: தடிப்பே இல்லாமல் உதடு, நாக்கு மட்டும் வீங்குகிறது, நீங்கள் ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். நாக்கு வீங்கி, குரல் மாறி, மூச்சுத் திணறினால் எந்த டெஸ்டுக்கும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

மூன்று மாதமாக ஒரு தடிப்புகூட இல்லை, தினமும் இரண்டு மாத்திரை சாப்பிடுகிறேன். மறுபடி தோல் பரிசோதனை செய்து, நெகட்டிவ் ஆகிவிட்டதா என்று பார்த்த பிறகு நிறுத்தட்டுமா?
– வாசகர், காரைக்குடி

வேண்டாம். நோய் அடங்கிய பிறகு சிலருக்கு அது நெகட்டிவாக மாறும், சிலருக்கு மாறாது. நிறுத்துவதை அதை வைத்து முடிவு செய்ய முடியாது. டெஸ்டுக்காக மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் அதுவே தொல்லையாகிவிடும். இரண்டை ஒன்றாக்குங்கள், ஒரு மாதம் பாருங்கள். வரவில்லை என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் நிறுத்தம். நடுவில் எங்காவது தடிப்பு திரும்பினால் முந்தைய அளவுக்கே போய், இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி குறைத்துப் பாருங்கள்.